பாறை இடுக்கின் முன் நிற்கும் நாய்: அப்பலாச்சிய மலைகளிலும் ஓசார்க் மேட்டுநிலத்திலும் ரக்கூன் வேட்டை

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கும் அப்பலாச்சிய மலைத்தொடரிலும், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே மிசௌரி, ஆர்கன்சா, ஓக்லஹோமா மாநிலங்களில் பரவியுள்ள ஓசார்க் மேட்டுநிலத்திலும், இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஓர் இரவு வேட்டை நடந்துவருகிறது. மோப்ப நாய்களைக் கொண்டு ரக்கூன் என்னும் விலங்கின் தடம் பிடித்து, அதை மரத்தில் ஏறச்செய்து, நாய் அம்மரத்தடியில் நின்று குரைக்கும் குரலைக் கேட்டு மனிதர்கள் அவ்விடம் போய்ச் சேர்வதே இவ்வேட்டையின் முறையாகும். இதை நாயின் திறமாகவும் மனிதரின் பொழுதுபோக்காகவும் மட்டுமே காண்பவர்கள், அதை உருவாக்கிய மூன்றாவது ஆற்றலைத் தவறவிடுகிறார்கள். கரடுமுரடான பாறை நிலமே அந்த ஆற்றல். எந்த நாயை வளர்ப்பது, எந்தக் குரலை விரும்புவது, எங்கே நின்று கேட்பது, எந்த இடத்தில் வேட்டையை நிறுத்துவது ஆகிய ஒவ்வொன்றிலும் அந்த நிலத்தின் தீர்ப்பு பதிந்திருக்கிறது.

விலங்கும் அதன் புகலிடமும்

ரக்கூன் வட அமெரிக்காவுக்கு உரிய ஒரு பாலூட்டி. கண்களைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போன்ற பட்டையும், வாலில் கறுப்பு வளையங்களும் கொண்டது. வளர்ந்தவை பெரும்பாலும் 4 முதல் 9 கிலோ வரை எடை இருக்கும். வர்ஜீனியாவில் 1607-இல் குடியேறிய ஆங்கிலேயர்கள் அங்கு வாழ்ந்த பௌஹாட்டன் மக்களிடமிருந்து இதன் பெயரைக் கேட்டறிந்தனர். கைகளால் தேய்ப்பது, சுரண்டுவது என்பதே அம்மக்கள் மொழியில் அப்பெயரின் பொருள். 1758-இல் இதை வகைப்படுத்திய இயற்கையியல் அறிஞர் லின்னேயஸ் கரடிகளோடு சேர்த்து, கழுவுவது என்னும் பொருளுடைய ‘லோட்டர்’ என்ற சொல்லை இதற்கு இட்டார். கரடி இனத்தோடு சேர்த்தது பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் இரு பெயர்களும் இதன் முன்னங்கைகளையே சுட்டுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது. நீருக்கடியில் கல்லைப் புரட்டி நண்டையும் நத்தையையும் தொட்டே கண்டறியும் நுண்ணுணர்வு அக்கைகளுக்கு உண்டு. பின்னங்கால்களைப் பின்புறமாகத் திருப்பிக்கொண்டு மரத்திலிருந்து தலைகீழாக இறங்கவும் இதற்கு இயலும். இரவில் இரை தேடி, பகலில் மறைவிடத்தில் உறங்கும்.

அந்த மறைவிடம் எது என்பதே வேட்டையின் போக்கை முடிவுசெய்கிறது. ஆற்றுப்படுகைகளில் ரக்கூனுக்கு முதுமரங்களின் பொந்துகளே வீடு. மலைநிலத்தில் அதற்கு வேறு வாய்ப்புகள் இருக்கின்றன. கிழக்குக் கென்டக்கியின் ரெட் ரிவர் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டால், அங்குள்ள மணற்கல், அடிப்பகுதி அரிக்கப்பட்டு, மேற்பகுதி கூரைபோல் நீண்டு நிற்கும் பாறைக்குடைவுகளாகவும், இயற்கை வளைவுகளாகவும், ஆளுயரத்துக்கும் மேற்பட்ட கற்குவியல்களாகவும் உருமாறியிருக்கிறது. ஓசார்க் நிலமோ சுண்ணாம்புக்கல்லாலும் அதன் இனமான டோலமைட்டாலும் ஆனது; மழைநீர் அக்கல்லைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய குகைகள் மிசௌரியில் மட்டும் 7,000-க்கு மேல் பதிவாகியுள்ளன. இத்தகைய நிலத்தில் ஒவ்வொரு பாறை இடுக்கும் ரக்கூனுக்கு ஓர் அளை. மலைக்காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெருமளவில் வெட்டப்பட்டதும், 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்கள் சில பத்தாண்டுகளில் ஏறத்தாழ முழுதும் அழிந்ததும், பொந்துள்ள முதுமரங்களை அரிதாக்கின. மரப்பொந்து குறையும் இடத்தில் பாறை இடுக்கின் மதிப்புக் கூடுவது இயல்பே.

நாயினங்கள்

இவ்வேட்டைக்கென வளர்க்கப்படும் நாய்களுக்குக் கூன்ஹவுண்ட் என்பது பொதுப்பெயர். ‘கூன்’ என்பது ரக்கூன் என்னும் சொல்லின் குறுக்கம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நரி வேட்டைக்காகக் கடல் கடந்து கொண்டுவந்த மோப்ப நாய்களிலிருந்தே இவற்றுள் பெரும்பாலானவை தோன்றின. ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 1785-இல் பிரெஞ்சுத் தளபதி லாஃபாயெட் அனுப்பிய பிரெஞ்சு நாய்கள் இவ்வரலாற்றில் அடிக்கடி பேசப்படுபவை. ஆனால் திறந்த வெளியில் ஓடும் நரியைத் துரத்தப் பழகிய நாய்க்கு, மரத்தில் ஏறி மறையும் விலங்கு ஒரு புதிராக இருந்தது. தடம் தரையில் அற்றுப்போனதும் குழம்பித் திரும்பிவிடாமல், தலையை உயர்த்தி, மரத்தின் அடிப்பகுதியை முகர்ந்து, அங்கேயே நின்று மணிக்கணக்கில் குரைக்கும் இயல்புள்ள நாய்களை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம்பெருக்கியதன் விளைவே கூன்ஹவுண்ட்.

1898-இல் சான்சி பென்னட் நிறுவிய யுனைடெட் கென்னல் கிளப் என்னும் நாய்ப் பதிவு அமைப்பு இவற்றில் ஆறு இனங்களை முதன்மையாகப் பதிவுசெய்தது. 1900-இல் பதிவேற்ற பிளாக் அண்ட் டான், செம்பழுப்பு நிறமுள்ள ரெட்போன், இங்கிலிஷ், அதிலிருந்து 1945-இல் தனியே பிரிந்த ட்ரீயிங் வாக்கர், 1946-இல் பிரிந்த புளூடிக், அதே ஆண்டு பதிவேற்ற பிளாட் ஆகியவை அவை. இவற்றுள் பிளாட் மட்டும் நரி வேட்டை நாய்களின் மரபைச் சேராதது. 1750-இல் ஜெர்மனியிலிருந்து வந்த பிளாட் குடும்பத்தினர் தம்மோடு கொண்டுவந்த நாய்களின் வழிவந்தது அது என்பது மரபுச் செய்தி. வட கரோலினாவின் ஹேவுட் மாவட்ட மலைகளில் கரடி வேட்டைக்காக அது வளர்க்கப்பட்டது. அங்குள்ள ஒரு மலைத்தொடரே அக்குடும்பப் பெயரால் வழங்குகிறது. 1989-இல் அம்மாநிலம் பிளாட்டைத் தன் அரசு நாயாக அறிவித்தது. பிளாட் இனத்தைத் தோற்றுவித்தது ஒரு குடும்பம் என்றால், அதற்கு உரம் ஏற்றியது செங்குத்துச் சரிவுகளும் அடர்ந்த ரோடோடெண்ட்ரான் புதர்களும் கொண்ட அந்த மலையே எனலாம்.

வேட்டைக்காரர்கள் நாய்களை மூக்கின் தன்மையால் இருவகையாகப் பிரிக்கிறார்கள். பல மணி நேரத்துக்கு முன் விலங்கு கடந்துபோன பழைய தடத்தையும் முகர்ந்து மெல்லப் பின்பற்றுவது ‘குளிர்மூக்கு’ நாய். சற்றுமுன் பதிந்த புதிய தடத்தில் மட்டும் ஊக்கம்கொண்டு விரைவது ‘சூட்டுமூக்கு’ நாய். சமவெளியில் விரைவான நாய்க்கே மதிப்பு அதிகம், ஏனெனில் அங்கு ரக்கூன் அருகிலுள்ள ஏதேனும் ஒரு மரத்தில் ஏறியாக வேண்டும். மலையில் ரக்கூன்கள் குறைவாகவும் தடங்கள் நீண்டும் இருப்பதால், பொறுமையாகப் பழந்தடம் பிரிக்கும் குளிர்மூக்கு நாயை மலைவாசிகள் பெரிதும் போற்றினர். ஆனால் அத்தகைய நாய் தடத்தை முடிப்பதற்குள் ரக்கூன் பாறைக்குள் புகுந்துவிடும் வாய்ப்பும் மிகுதி. வேகம், பொறுமை ஆகிய இரண்டில் எது வேண்டும் என்ற விவாதம் கூன்ஹவுண்ட் வளர்ப்போரிடையே இன்றுவரை ஓயாததற்கு, அவரவர் வேட்டையாடும் நிலம் வேறுவேறாக இருப்பதே அடிப்படைக் காரணம்.

மணமும் ஒலியும்

மோப்பத் தடம் என்பது விலங்கின் உடலிலிருந்து உதிரும் நுண்துகள்களும் பாதத்தின் சுரப்புகளும் தரையில் விட்டுச்செல்லும் மணமே. ஈரம் தங்கிய இலைச்சருகில் அது நெடுநேரம் நிற்கும். வெறும் பாறையில், அதுவும் காற்றில் உலர்ந்த பாறையில், விரைவில் கலைந்துபோகும். ஆகவே ஒரு ரக்கூன் சருகுத் தரையை விட்டுப் பாறை விளிம்பில் ஏறி நடக்கும்போது, நாய்க்குத் தடம் நடுவிலேயே அறுந்துவிடுகிறது. அனுபவமுள்ள நாய் அவ்விடத்தில் வட்டமிட்டு, பாறையின் மறுகோடியில் விட்ட இழையைத் தேடிப் பிடிக்கிறது. இதோடு மலைக்காற்றின் இயல்பும் சேர்கிறது. சூரியன் மறைந்தபின் சரிவுகள் குளிர, அவற்றை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தாக்கை நோக்கி வழியும். அக்காற்று மேலே உள்ள விலங்கின் மணத்தைக் கீழே சுமந்துவருவதால், ஓடைக்கரையில் நிற்கும் நாய் மூக்கை உயர்த்திக் காட்டும் திசை, தடம் சென்ற திசையாக இல்லாமல் விலங்கு இருக்கும் திசையாகவே அமைவதுண்டு.

மனிதர்களுக்கு இந்த இரவில் கண்ணைவிடக் காதே துணை. ‘ஸ்ட்ரைக்’ எனப்படும் முதற்குரல் தடம் கிடைத்ததைத் தெரிவிக்கும். தடத்தில் ஓடும்போது எழும் நீண்டு இழுபடும் ஊளைக்குரல் வேட்டை நகரும் வழியைத் தெரிவிக்கும். மரத்தடியை அடைந்ததும் நாய் அதை விடுத்து, இடைவிடாமல் துண்டுதுண்டாகக் குரைக்கத் தொடங்கும். இந்தக் குரல்மாற்றத்தை வைத்தே, கண்ணுக்கு எட்டாத தொலைவில் நடப்பதை வேட்டைக்காரர் அறிகிறார். தம் நாயின் குரலைப் பல குரல்களுக்கு இடையே பிரித்தறிவது அவரது முதல் தகுதி. பாறை நிலம் இத்தகுதியைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்குகிறது. எதிரே நிற்கும் செங்குத்துப் பாறை குரலைத் திருப்பி அனுப்புவதால், நாய் கிழக்கே இருக்க, குரல் மேற்கிலிருந்து வருவதாகத் தோன்றும். இடையே ஒரு மலைமுகடு குறுக்கிட்டால் அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாயின் குரலும் கேட்காமல் போகும். அமைதியான இரவில், தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடியிருக்கும்போது, ஒலி மேலே சிதறாமல் வளைந்து கீழிறங்குவதால், பள்ளத்தாக்கின் நெடுந்தொலைவுக் குரலும் தெளிவாக வந்தடையும். எனவேதான் மலைப்பகுதி வேட்டைக்காரர்கள் நாய்களின் பின்னே ஓடாமல், இருபுறப் பள்ளத்தாக்கையும் செவியால் ஆளக்கூடிய முகட்டில் நின்று காத்திருக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். கழுத்துப்பட்டையில் ரேடியோவும் பின்னர் ஜிபிஎஸ் கருவியும் வந்தபிறகும், ரேடியோ அலையையும் அதே முகடுகளே மறைப்பதால், உயரத்தில் நிற்கும் பழக்கம் மாறவில்லை.

மரமும் அளையும்

துரத்தப்படும் ரக்கூன் தன்னாலான உத்திகளை எல்லாம் கையாளும். ஓடையில் இறங்கி நீரோடு நடந்து தடத்தை அழிக்கும். ஒரு மரத்தில் சற்று ஏறித் தாவி இறங்கி வேறு மரத்துக்குச் செல்லும். முதல் மரத்தில் மணம் இருப்பதால் அனுபவமற்ற நாய் அங்கேயே நின்று குரைத்து ஏமாந்துபோகும். தவறான இடத்தில் முயற்சியை வீணாக்குவதைக் குறிக்க, தவறான மரத்தைப் பார்த்துக் குரைப்பது என்னும் வழக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது இந்த வேட்டையிலிருந்துதான். ஆனால் பாறை நிலத்தில் ரக்கூனின் கடைசிப் புகலிடம் மரமன்று. அளைக்குள் புகுந்த ரக்கூனை நாயாலும் எட்ட இயலாது, மனிதராலும் காண இயலாது.

நாய் பாறையின் முன் நின்று குரைக்கும் அந்தக் கட்டத்தில்தான் இவ்வேட்டையின் ஆபத்தும் அறமும் ஒருங்கே வெளிப்படுகின்றன. உடல் ஒல்லியான நாய்கள் விலங்கைத் தொடர்ந்து இடுக்கினுள் நுழைந்து, திரும்ப இடமின்றிச் சிக்கிக்கொள்வதுண்டு. சுண்ணாம்புக்கல் நிலத்தில் சருகு மூடிய செங்குத்துப் பள்ளங்களும், மணற்கல் நிலத்தில் இருளில் தெரியாத பாறை விளிம்புகளும் நாய்க்கும் மனிதருக்கும் உயிராபத்தானவை. முற்காலத்தில் அளையில் புகையிட்டும் கல்லைப் பெயர்த்தும் விலங்கை வெளியேற்றும் வழக்கம் இருந்தது. பொந்து மரத்தையே வெட்டிச் சாய்ப்பதும் இருந்தது. அவ்வாறு செய்தால் ஒரு விலங்கோடு அதன்பின் வரும் பல தலைமுறைகளின் வீடும் அழியும் என்பதை உணர்ந்து, பல மாநிலங்கள் பொந்து மரங்களை வெட்டுவதையும் வாழிடங்களைக் குலைப்பதையும் சட்டத்தால் தடுத்தன. நாயைக் கயிற்றில் கட்டி அழைத்துக்கொண்டு, ரக்கூனை அதன் அளையிலேயே விட்டுத் திரும்புவதே நல்ல வேட்டைக்காரரின் இலக்கணம் என்ற கருத்து இந்தப் பட்டறிவில் வேரூன்றியது.

மக்களும் தோலும்

இவ்வேட்டை மலைநாட்டு எளிய மக்களின் வாழ்க்கையோடு பிணைந்தது. குதிரையும் பரந்த நிலமும் வேண்டிய நரி வேட்டை செல்வந்தர்களுக்கு உரியதாக இருக்க, ஓரிரு நாய்களும் ஒரு விளக்கும் இருந்தால் போதுமான ரக்கூன் வேட்டை சிறு உழவர்களுக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் உரியதாயிற்று. தென் மாநிலங்களில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்கு, பகல் முழுதும் பறிக்கப்பட்ட உழைப்புக்குப்பின் எஞ்சிய இரவில் தங்கள் உணவோடு சிறிது இறைச்சி சேர்த்துக்கொள்ளக் கிடைத்த வழிகளில் இதுவும் ஒன்று. அம்மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லாக ‘கூன்’ என்பதையே பின்னர் வெள்ளையர் பயன்படுத்தியதும் இவ்வரலாற்றில் மறைக்கக்கூடாத பகுதியாகும்.

ரக்கூனின் தோல் பணமாகவும் இருந்தது. இன்றைய கிழக்கு டென்னஸியில் 1784 முதல் சில ஆண்டுகள் நிலைத்திருந்த ஃபிராங்க்லின் என்னும் தனி ஆட்சியில், நாணயத் தட்டுப்பாட்டால் வரியைச் செலுத்த ஏற்கப்பட்ட பொருள்களுள் ரக்கூன் தோலும் இருந்தது. 1920-களில் கல்லூரி மாணவர்களிடையே ரக்கூன் தோல் மேலங்கியும், 1955-இல் டேவி கிராக்கெட் தொலைக்காட்சித் தொடரால் சிறுவரிடையே ரக்கூன் தோல் தொப்பியும் பெருவழக்காயின. இரவு விளக்கின் கதையும் இவ்வேட்டையோடு பிணைந்தது. வட கரோலினாவின் ஸ்ப்ரே என்னும் ஊரில் 1892-இல் தாமஸ் வில்சன் கால்சியம் கார்பைடு உற்பத்திக்கு வழி கண்டார். அதன்மேல் நீர் சொட்டும்போது எழும் அசிட்டிலீன் வாயுவை எரிக்கும் கார்பைடு விளக்கு, பகலில் நிலக்கரிச் சுரங்கத்திலும் இரவில் ரக்கூன் வேட்டையிலும் அதே மனிதரின் நெற்றியில் ஒளிர்ந்தது. ஓசார்க் பகுதியில் கோவேறு கழுதைகளே வேட்டைக்கு ஊர்தி. கரடான சரிவில் கால் இடறாமல் நடப்பதோடு, வேலிக்கம்பியின்மேல் ஒரு மேலங்கியைப் போட்டுக் காட்டினால் நின்ற இடத்திலிருந்தே தாவிக் கடக்கவும் அவை பழக்கப்பட்டன.

நாய்க்கும் மனிதருக்கும் இடையே வளர்ந்த பிணைப்புக்குச் சான்றாக, அலபாமாவின் வடமேற்கு மூலையில் கூன்ஹவுண்டுகளுக்கு மட்டுமே உரிய ஓர் இடுகாடு இருக்கிறது. கீ அண்டர்வுட் என்பவர் ட்ரூப் என்னும் தம் நாயை 1937-இல் அங்கே புதைத்ததிலிருந்து அது தொடங்கியது. வில்சன் ரால்ஸ் 1961-இல் வெளியிட்ட ‘வேர் த ரெட் ஃபெர்ன் குரோஸ்’ என்னும் புதினம், ஓசார்க் சிறுவன் ஒருவனும் அவனுடைய இரு ரெட்போன் நாய்களும் கொண்ட உறவைப் பல தலைமுறை மாணவர்களிடம் கொண்டுசேர்த்தது.

மலை வகுத்த எல்லையும் மனிதர் மீறியதும்

1930-களில் ரக்கூன்கள் பல இடங்களில் அருகியிருந்தன. 1940-களிலிருந்து அவற்றின் எண்ணிக்கை பெருகியது. ஆயினும் மலைப்பகுதிகளில் வேட்டைக்குப் போதிய விலங்குகள் இல்லை என்று கருதியவர்கள், தெற்கிலிருந்து ரக்கூன்களைப் பிடித்துவந்து அங்கே விட்டனர். ரக்கூன்களிடையே பரவும் வெறிநோய் அதுவரை ஃபுளோரிடாவையும் அதன் அண்டைப் பகுதிகளையும் சார்ந்தே இருந்தது. 1977-இல் அந்நோய் வர்ஜீனியாவை ஒட்டிய மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பகுதியில் திடீரெனத் தோன்றியது. வேட்டைக்காகக் கொண்டுவரப்பட்ட விலங்குகளோடு அது வந்தது என்பதே ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரை நெடுகப் பரவி 1994-இல் மெய்ன் மாநிலத்தையும், மேற்கே 1996-இல் ஓஹாயோவையும் எட்டியது. பின்னர் அரசு, வானூர்திகளிலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரைகளைத் தூவி, ஈரி ஏரிக் கரையிலிருந்து தெற்கே அலபாமா வரை ஒரு தடுப்பு மண்டலத்தை அமைத்தது. நோயின் பரவலைத் தாமதப்படுத்தும் இயற்கை அரணாக அப்பலாச்சிய முகடுகளே அத்திட்டத்துக்குத் துணைநின்றன. மனிதர் விலங்குகளை வாகனத்தில் ஏற்றிக் கடக்கச்செய்த மலையே இறுதியில் காவலாகவும் தேவைப்பட்டது.

பாறை இடுக்குகளில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ரக்கூன்கள் பாறைத்திட்டுகளில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மலம் கழிக்கும் இயல்புடையவை. அக்கழிவில் அவற்றின் குடலில் வாழும் ஓர் உருண்டைப்புழுவின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதே பாறைகளில் வாழும் அலெகெனி மரஎலி, உலர்ந்த கழிவையும் விதைகளையும் சேகரித்துத் தன் அளையில் சேமிக்கும் பழக்கமுடையதால், அப்புழுவின் குஞ்சுகள் அதன் மூளையைத் தாக்கிக் கொல்கின்றன. நியூயார்க் மாநிலத்தில் அவ்வெலி முற்றாக மறைந்ததற்கான காரணங்களுள் இது முக்கியமானது. நாய்களும் தப்புவதில்லை. ரக்கூன் கடித்த ஒன்றிரண்டு வாரங்களில் பின்னங்கால்களில் தொடங்கி உடல் முழுதும் தளர்ந்துபோகும் நரம்பு நோய் ஒன்று 1954-இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டு, ‘கூன்ஹவுண்ட் வாதம்’ என்றே பெயர் பெற்றது. பொறுமையாகப் பேணினால் பெரும்பாலான நாய்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ எழுந்து நடக்கும்.

கொல்லாத வேட்டை

இன்று தோலுக்குச் சந்தை நலிந்துவிட்டது. வேட்டையின் மைய இடத்தை இரவுப் போட்டிகள் பிடித்திருக்கின்றன. நான்கு நாய்கள் வரை ஒரு குழுவாக அவிழ்த்துவிடப்பட்டு, தடத்தில் முதலில் குரல் கொடுப்பதற்கு 100, அடுத்தவற்றுக்கு 75, 50, 25 என்றும், மரத்தடியில் முதலில் குரைப்பதற்கு 125, அடுத்தவற்றுக்கு 75, 50, 25 என்றும் புள்ளிகள் தரப்படுகின்றன. மரத்தில் ரக்கூன் காணப்பட்டால் புள்ளிகள் கூட்டலாகும். மரம் வெறுமையென்று உறுதியானால் கழித்தலாகும். பொந்தோ அடர்ந்த இலையோ இருந்து, உள்ளே விலங்கு இருக்கக்கூடும் என்றால் அப்புள்ளிகள் வெற்றி தோல்வி இரண்டிலும் சேராமல் தனியே வட்டமிடப்படும். போட்டியில் ரக்கூன் கொல்லப்படுவதில்லை, மரத்திலேயே விடப்படுகிறது. விலங்கு துரத்தப்படும் அச்சத்தை இது நீக்கிவிடுவதில்லை என்னும் எதிர்ப்பில் நியாயம் உண்டு. குட்டிகள் தாயைச் சார்ந்திருக்கும் வசந்த, கோடைகால மாதங்களில் நாய் பழக்கும் ஓட்டங்களுக்கு வரம்பு வேண்டும் என்ற கோரிக்கையும் ஏற்கத்தக்கதே. ஆனால் காணாததை வென்றதாக எண்ணக்கூடாது, ஐயத்தின் பலன் பொந்துக்குரியது என்னும் நெறியை இந்த விதிகள் எழுத்தில் பதித்திருக்கின்றன.

அந்த நெறி எந்த விதிநூலும் எழுதப்படுமுன்பே பாறை நிலத்தில் பிறந்தது. மனிதர் தம் விருப்பப்படி வளைக்க முடியாத நிலம், நாய்க்குப் பொறுமையையும் மனிதருக்குக் கேட்கும் திறனையும் கற்பித்தது. விலங்குக்கு ஓர் அளையைத் தந்து, வேட்டைக்கு ஓர் எல்லையையும் வகுத்தது. எல்லையை மதித்தவரை வேட்டையும் விலங்கும் சேர்ந்து நிலைத்தன. மலைகளைக் கடந்து விலங்குகளை ஏற்றிவந்தபோது நோயும் உடன்வந்தது. பாறை இடுக்கின் முன் நாயின் கழுத்தில் கயிற்றை மாட்டித் திரும்பும் மனிதரே இந்த மரபின் மிகச் சிறந்த வேட்டைக்காரர்.